சீர் வண்டி

கிக்கர் உடைந்து காசிநாதனின் காலோடு வந்துவிட்டது.

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நாளாக மிதித்துக்கொண்டிருந்த கிக்கர் அது. முதல் நாள் வலது காலால் மிதித்தார். இரண்டாம் நாள் வலது கால் வீங்கியதால் இடது காலால் மிதித்தார். மூன்றாம் நாள் வண்டியை மாட்டுக் கொட்டகைத் தூணில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, இரண்டு காலாலும் ஏறி நின்று குதித்தார். உள்ளே பிஸ்டன் இருந்த இடத்தை விட்டு நூலளவு கூட அசையவில்லை.

"ஒடைச்சிட்டியா?" என்று அடுப்படியிலிருந்து ராணியம்மாள் கேட்டாள். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள். சத்தத்தை வைத்தே சேதத்தைச் சொல்லிவிடுவாள்.

"அதுவா ஒடைஞ்சிது."

"நீ ஏறி நின்னா எல்லாம் அதுவாதான் ஒடையும்."

வண்டி மாப்பிள்ளை அறிவுச்செல்வனுடையது. நான்கு வருடத்துக்கு முன்னால் சுபஸ்ரீயைக் கட்டிக் கொடுத்தபோது காசிநாதன் கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்தது. கொடுத்ததோடு முடிந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அந்தப் பக்கத்து வழக்கம் அப்படியில்லை. பெண் வீட்டார் கொடுத்த பொருள் கெட்டுப்போனால் பெண் வீட்டார்தான் சரி பண்ணித் தர வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்த சட்டத்தையெல்லாம் மீறுகிற ஜனங்கள் இதை மட்டும் மீறுவதில்லை. இந்த நான்கு வருடத்தில் மிக்சி இரண்டு தரம் நைனார்பாளையத்திலிருந்து வடக்கனந்தலுக்கு பஸ் ஏறி வந்து போயிருக்கிறது. கட்டிலின் ஒரு கால் தனியாக வந்து போயிருக்கிறது. பீரோ பூட்டு வந்தபோது சாவியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். காசிநாதன் பெண்ணைக் கொடுத்தாரா, சர்வீஸ் சென்டர் திறந்தாரா என்று ராணியம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆடிப் பதினெட்டு விருந்துக்கு மாப்பிள்ளையும் மகளும் இந்த வண்டியில்தான் வந்தார்கள். முப்பது கிலோமீட்டர் ஒழுங்காக வந்த வண்டி, வடக்கனந்தல் ஏரிக்கரை வந்ததும் பெருங்குரலெடுத்துக் கத்திவிட்டு நின்றுபோனது. அறிவுச்செல்வன் அதை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். நாட்டுக்கோழிக் குழம்பைச் சாப்பிட்டு முடிக்கிறவரை வாயைத் திறக்கவில்லை. கை கழுவிய பிறகு திறந்தான்.

"நீங்க வாங்கிக் குடுத்த வண்டி மாமா. என்ஜின் ஜாம் ஆயிடுச்சி. இங்கியே வுட்டுட்டுப் போறேன், சரி பண்ணி வைங்க."

"பண்ணிடலாம் மாப்ள. சுபா?"

"அவளும் இருக்கட்டும். வண்டி இல்லாம எப்டி இட்டுக்கினு போறது? ஓடற அன்னிக்கி போன் பண்ணுங்க. வந்து ரெண்டையும் இட்டுக்கினு போறேன்."

ரெண்டையும் என்றான். ராணியம்மாளின் முகம் சுருங்கியது. காசிநாதன் காதில் விழாத மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை பஸ் ஏறிப் போனான். அதே பஸ்ஸில் பெண்டாட்டிக்கும் ஒரு சீட்டு இருந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

வண்டி இல்லாமல் மகளை மட்டும் கொண்டுபோய் விட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று காசிநாதனுக்குத் தெரியும். ஆகவே கணக்கு சுலபமானது. வண்டி ஓடினால் மகள் போவாள். ஓடாவிட்டால் மகள் இங்கேயே... அந்த வாக்கியத்தை அவர் மனதுக்குள் கூட முடிப்பதில்லை. முடித்து வைக்க ஊர் இருக்கிறது.

"பொண்ணு இன்னும் போவலயா?" என்று பக்கத்து வீட்டுச் சாலம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"வண்டி ரிப்பேரு."

"அய்ய, வண்டிதான?" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த 'தான' காசிநாதனை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலையில் ராணியம்மாளின் அண்ணன் அரங்கநாதன் வந்து இறங்கினார். போர்வெல் மோட்டார் வேலை பார்ப்பவர். எவ்வளவு ஆழத்தில் மாட்டிய மோட்டாரையும் மேலே கொண்டுவந்துவிடுவார். மேலே வந்த பிறகு அது ஓடாது. அது வேறு விஷயம்.

"மச்சான், ஆவணி நாலாந்தேதி எம்பொண்ணு கல்யாணம்," என்றார். "சுபா புருசனோட வந்து நிக்கணும். தனியா வந்து நின்னா சம்பந்தி வூட்டுக்காரன் இன்னான்னு கேப்பான். நான் இன்னா சொல்றது, என்ஜின் ஜாம்னா?"

"நான் மட்டும் இன்னா, வேணும்னேவா வச்சிக்கினு இருக்கேன்? கிக்கரே ஒடைஞ்சி போச்சி."

அரங்கநாதன் உடைந்த கிக்கரை வாங்கிப் பார்த்தார். "பலத்தக் காட்டினா பிஸ்டன் வருமா? அத ஊற வெக்கணும். பிளக்கக் கழட்டி, அந்த ஓட்ட வழியா டீசலும் வெளக்கெண்ணெயும் கலந்து ஊத்து. ரெண்டு நாளு கெடக்கட்டும். அப்பறம் பாரு, அதுவா வழுக்கினு வரும்."

சுபஸ்ரீ இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். வண்டியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"வுட்டுடேன்பா," என்றாள். "அது வராது."

"நீ சும்மா இரும்மா. உன்ன அனுப்பி வெக்காம அப்பா ஓயமாட்டேன்."

அவள் டம்ளர் காலியாகிறவரை நின்று, எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் ஊறியது. மூன்றாம் நாள் அரங்கநாதன் டிராக்டரோடு வந்தார். ஊறிய பிஸ்டனை உசுப்பிவிட ஒரே ஒரு இழுப்புதான் தேவை என்பது அவருடைய சித்தாந்தம். கிணற்றுக் கயிற்றால் வண்டியை டிராக்டரோடு கட்டினார்கள். காசிநாதன் வண்டிமேல் உட்கார்ந்தார்.

"மூணாவது கியர்ல போட்டு கிளட்ச புடிச்சிக்கோ. நான் கைய காட்டினதும் டக்குனு வுட்டுடு. என்ஜின் சுத்தியே ஆவணும்."

"சுத்தலன்னா?"

"சுத்தும்யா."

டிராக்டர் ஏரிக்கரையில் வேகம் பிடித்தது. அரங்கநாதன் கையைக் காட்டினார். காசிநாதன் கிளட்சை விட்டார். என்ஜின் சுற்றவில்லை. பின் சக்கரமும் சுற்றுவதை நிறுத்திக்கொண்டு, கருகிய டயர் நாற்றத்தோடு கரைமேல் கோடு கிழித்தது. சங்கிலி அறுந்து, என்ஜினின் பக்கத்து மூடியை இரண்டாகப் பிளந்தது. காசிநாதன் கரையிலிருந்து உருண்டு யாரோ ஒருவருடைய மரவள்ளித் தோட்டத்தில் போய் விழுந்தார். அரங்கநாதன் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். ஆள் இல்லாத வண்டியை அய்யனார் கோவில் வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், அங்கே நின்று, "இன்னா மச்சான், சுத்துச்சா?" என்று கேட்டார்.

சாயங்காலம் மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு காசிநாதன் கட்டிலில் கிடந்தபோது மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. தினமும் அதே நேரத்துக்கு வரும்.

"வண்டி இன்னாச்சி மாமா?"

"வேல நடந்துக்கினு இருக்குது மாப்ள."

"ஜாஸ்தி நாள் ஆக்காதீங்க. எங்கம்மா ஒண்டியா எல்லாத்தையும் பாக்கறாங்க. மாடு வேற கெடக்குது."

"சுபாகிட்ட குடுக்கட்டா?"

"வேணாம், வேணாம். நீங்க வண்டியப் பாருங்க."

காசிநாதன் போனை வைத்தார். மாப்பிள்ளை பொறுப்பான ஆள், வேலையில் கண்ணாக இருக்கிறார் என்று ராணியம்மாளிடம் சொன்னார். ராணியம்மாள் வேறொன்றைச் சொன்னாள்.

"வந்தப்போ சுபாவுக்குத் தோள்பட்ட எலும்பு துருத்திக்கினு இருந்திச்சி. பத்து நாளுகூட ஆவல. பாத்தியா, மூஞ்சில ரத்தம் வந்திருக்குது. காலையில ஏழு மணி வரிக்கும் தூங்கறா. நேத்து டிவி பாத்து சிரிச்சா."

"அதான் சொல்றேன். சீக்கிரம் அனுப்பிடணும். இங்கியே பழகிட்டா அங்க ஒட்டாது."

ராணியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சுபஸ்ரீ ஒரு தரம் தானாகவே வந்திருக்கிறாள். கல்யாணமான முதல் வருடம், ஒரு மத்தியானம், கையில் ஒரு மஞ்சள் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். "அங்க முடியலப்பா," என்று மட்டும் சொன்னாள். காசிநாதன் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம். "எல்லா வூட்லயும் அப்டித்தாம்மா, போவப் போவ சரியாயிடும்," என்று சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். மகளைச் சாப்பிடக்கூட விடவில்லை என்று ராணியம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அதற்குப் பிறகு சுபஸ்ரீ தானாக வந்ததில்லை. சரியாகிவிட்டது என்று காசிநாதன் எடுத்துக்கொண்டார்.

அடுத்த கட்டமாக அரங்கநாதன் என்ஜின் தலையைத் திறந்தார். திறந்ததும் பிஸ்டனின் மண்டை தெரிந்தது. குழாயின் பாதியில் சிக்கி நின்றது.

"கண்ணால பாத்தாச்சில்ல, இனிமே வுடக்கூடாது," என்றார் அரங்கநாதன். "மேலேந்து ஒரு குத்து குத்தினா எறங்கிடும். ராணி, உலக்கைய எடுத்தா."

ராணியம்மாள் பதறிப்போனாள். "அது நான் கல்யாணத்துல கொண்டாந்தது அண்ணே!"

"அப்ப ஒடைஞ்சா உங்கண்ணன்தான் சரி பண்ணித் தரணும்," என்றார் காசிநாதன். வழக்கம் ஒரு தடவையாவது தன் பக்கம் சாய்ந்ததில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

உலக்கையின் பூண் போட்ட முனை கீழே இருக்க, அரங்கநாதன் ஓங்கிக் குத்தினார். காசிநாதன் குத்தினார். இருவரும் மாற்றி மாற்றி, அவல் இடிக்கிற தாளத்தில் குத்தினார்கள். ஏழாவது குத்தில் உலக்கை சட்டென்று உள்ளே இறங்கியது.

"வந்துட்டுச்சி!" என்று கத்தினார் காசிநாதன்.

குனிந்து பார்த்தார்கள். பிஸ்டன் அங்கேயேதான் இருந்தது. அதன் நடுவில் உலக்கை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. உலக்கையை வெளியே இழுத்தபோது பூண் உள்ளேயே தங்கிவிட்டது. இப்போது எடுக்க வேண்டியது ஒன்றுக்கு இரண்டு.

"கொஞ்சம் இளகியிருக்கு," என்றார் அரங்கநாதன்.

"எது?"

"மொத்தமா."

பூணை எடுக்க அரை நாள் ஆனது. பிஸ்டனை எடுக்க அரங்கநாதனிடம் கடைசியாக ஓர் உபாயம் இருந்தது. "சூட்டுல இரும்பு விரியும். விரிஞ்சா புடிப்பு வுடும். சின்னப் புள்ளைக்கும் தெரியும்," என்றார். என்ஜினை வண்டியிலிருந்து மொத்தமாக இறக்கினார்கள். ராணியம்மாள் நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் நிரப்பி, என்ஜினை அதில் போட்டு, புளியங்கட்டையை வைத்து எரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் கொதி வந்தது. தண்ணீர்மேல் கறுப்பாக எண்ணெய் மிதந்து, தெருமுழுக்க வாடை வீசியது.

சாலம்மாளின் தலை வேலிக்கு மேலே வந்தது. "இன்னா கொழம்பு வைக்கிறீங்க?"

அண்டாவுக்குப் பக்கத்தில் விறகு தள்ளிக்கொண்டிருந்த சுபஸ்ரீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மகள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று காசிநாதனுக்குத் தோன்றியது. உடனே, இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமும் கவலையில்லையே என்று கோபமும் வந்தது.

"உனக்காவத்தான்டி இத்தினி பாடு! சிரிக்கிற?"

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஒரு கட்டையை உள்ளே தள்ளினாள்.

ஆறவைத்து எடுத்துப் பார்த்தால், பிஸ்டன் முன்னைவிட நன்றாக உட்கார்ந்திருந்தது. அண்டா இனி நெல்லுக்கு ஆகாது. அரங்கநாதன் கையைத் துடைத்துக்கொண்டு, "கல்யாண வேல கெடக்குது மச்சான், இன்னும் அஞ்சி நாளுதான் கீது," என்று கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிச் சொன்னார்:

"வெள்ளிமலையில தமிழழகன்னு ஒருத்தன் கீறான். மலையில லோடு ஏத்தற வண்டிங்க மாசத்துக்கு ஒண்ணு ஜாம் ஆவும். அவன் கைக்கு வராத பிஸ்டனே கெடையாது."

"அத மொதல் நாளே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கலயே," என்றார் அரங்கநாதன்.

காசிநாதன் தன் சொந்தப் புத்தியையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். போகிற வழியிலும் ஊறட்டுமே என்று, ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் என்ஜினைப் போட்டு, மிச்சமிருந்த டீசலையும் விளக்கெண்ணெயையும் ஊற்றி, வாயைக் கட்டி, மலை பஸ்ஸில் ஏற்றினார். சாராய ஊறலுக்குப் பேர்போன கல்வராயன் மலைக்கு நீல டிரம்மோடு போகிறவனைப் போலீஸ் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். காசிநாதனுக்கு அன்றைக்குப் பிஸ்டனைத் தவிர வேறு நினைவில்லை.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். "டிரம்மு யாருது?"

"என்னுது சார்."

"உள்ள இன்னா?"

"ஊறுது சார்."

டிரம்மும் காசிநாதனும் கீழே இறக்கப்பட்டார்கள். பஸ் போய்விட்டது. போலீஸ்காரர் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது. "கீழ கொட்டு," என்றார். ஊற்றிய எண்ணெயெல்லாம் ரோட்டோரம் ஓட, கடைசியில் டமாலென்று என்ஜின் வந்து விழுந்தது.

"இத இன்னாத்துக்குயா மலைக்குத் தூக்கிக்கினு போற?"

"பொண்ண மாப்ள வூட்டுக்கு அனுப்பணும் சார்."

போலீஸ்காரர் என்ஜினைப் பார்த்தார். காசிநாதனைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பெண் இருந்திருக்க வேண்டும். அடுத்து வந்த மரவள்ளி லோடு வண்டியைக் கை காட்டி நிறுத்தி, "இந்தாள வெள்ளிமலையில எறக்கி வுடு," என்று ஏற்றிவிட்டார்.

தமிழழகனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பட்டறையில் உட்கார்ந்திருந்தவன் என்ஜினைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"யாரு இதக் கொன்னது?"

காசிநாதன் நடந்ததையெல்லாம் சொன்னார். தமிழழகன் உலக்கை வரைக்கும் பொறுமையாகக் கேட்டான். அண்டா வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அவிச்சீங்களா?"

"ஒரு மணி நேரம்."

"ஐயா, பிஸ்டனு அலுமினியம். சுத்தி இருக்கிறது இரும்பு. சூடு ஏறினா பிஸ்டன்தான் ஜாஸ்தி விரியும். எடுக்கறதுக்குப் பதிலா இன்னும் டைட்டு பண்ணி வச்சிருக்கீங்க." அவன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். கீறல்களைக் காட்டினான். "இது ஆயில் இல்லாம ஓடின வண்டி. கம்மியா இருந்ததுன்னு கூட சொல்லமாட்டேன். சுத்தமா இல்ல. ஆயிலே பாக்காம எவனோ ஓட்டியிருக்கான்."

காசிநாதனுக்கு உள்ளுக்குள் என்னவோ இனித்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளையின் தப்பு ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. சாட்சியோடு கிடைத்திருக்கிறது. அதை என்ன செய்வது என்று யோசித்தார். ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததும் இனிப்பு போய்விட்டது.

"ஓட்டுனவரு தப்பு. செலவு உங்களுதா?" என்றான் தமிழழகன்.

"நாங்க குடுத்த வண்டிப்பா."

"அதனால?"

காசிநாதன், "உங்க பக்கத்துல இந்த வழக்கம் இல்லயா?" என்று கேட்டார்.

"எங்க ஜனத்துல மாப்ளதான் பொண்ணு வூட்டுக்குப் பரியம் குடுக்கணும்."

மலைக்கு இன்னும் நாகரிகம் ஏறி வரவில்லை என்று காசிநாதன் பரிதாபப்பட்டுக்கொண்டார்.

தமிழழகன் அடிக்கவுமில்லை, இழுக்கவுமில்லை. பிஸ்டனில் சுற்றிலும் துளை போட்டு, துண்டு துண்டாக உடைத்து, பல்லைப் பிடுங்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். பிறகு மிச்சத்தைப் பிரித்து, தண்ணீர் புகுந்த இடமெல்லாம் துடைத்து, புதுக் குழாயும் புதுப் பிஸ்டனும் போட்டான். மூன்று நாள் ஆனது. ராணியம்மாள் வளர்த்த கிடா ஒன்று அந்தச் செலவுக்கு விலைபோனது. மூன்றாம் நாள் அவனே என்ஜினோடு கீழே வந்து, வண்டியில் மாட்டி, ஆயில் ஊற்றி, புதுக் கிக்கரை ஒரே ஒரு தரம் மிதித்தான்.

வண்டி ஓடியது.

காசிநாதன் கைகூப்பிவிட்டார். சாலம்மாளின் தலை தானாக மேலே வந்தது. அதற்குக் கேட்கட்டும் என்று ஆக்சிலேட்டரை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். சத்தம் கேட்டு சுபஸ்ரீ வாசலுக்கு வந்தாள். வண்டியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பையில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். ராணியம்மாள் அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று காசிநாதன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள், கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னதாக, அறிவுச்செல்வன் வந்தான். வீட்டுக்குள் வராமல் வண்டியைச் சுற்றி வந்தான்.

"கிக்கரு புதுசா?"

"புதுசு மாப்ள."

"செயினு?"

"அதுவும் புதுசு."

"டயரு?"

"பின்னாடி மட்டும் மாத்தினோம்."

"முன்னாடியும் மாத்தியிருக்கலாம்," என்றான் மாப்பிள்ளை. "சரி, ஏரிக்கர வரிக்கும் ஒரு ரவுண்டு போய் பாத்துட்டு வரேன். அவள ரெடியா நிக்கச் சொல்லுங்க. வந்ததும் கெளம்பணும். எங்கம்மா மாட்ட அவுத்துக் கட்டக்கூட ஆளில்லாம ஒக்காந்துக்கினு கீறாங்க. நாளைக்கிக் கல்யாணத்துக்கு அங்கேந்தே வந்துடறோம்."

வண்டி மணி மாதிரி கிளம்பிப் போனது. காசிநாதன் அது தெருமுனை திரும்புகிறவரை பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வாரமாகத் தோளில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. மகள் போகிறாள். நாளைக்குக் கல்யாணத்தில் புருஷனோடு வந்து நிற்பாள். ஊர் வாயை மூடும்.

சுபஸ்ரீ பையோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசயம்மா. நான் சொன்னா மாப்ளைக்குக் கோவம் வரும், நீதான் நேரம் பாத்து பக்குவமா சொல்லணும். மாசத்துக்கு ஒரு தரமாச்சும் ஆயிலப் பாக்கச் சொல்லு. ஒரு சொட்டு ஆயில் இல்லாம ஓட்டினு வந்திருக்காரு. அதான் இத்தினி பாடும்."

ஏரிக்கரையிலிருந்து வண்டி திரும்பி வருகிற சத்தம் கேட்டது. சுபஸ்ரீ பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவரு ஒழுங்காத்தான்பா ஊத்தி வச்சிருந்தாரு," என்றாள். "அன்னிக்கிக் காலையில கெளம்பறதுக்கு முன்ன நான்தான் மொத்தத்தையும் எறக்கி வுட்டேன். நம்ம ஊரு வரிக்குமாச்சும் வந்துடுமான்னு வழியெல்லாம் பயந்துக்கினேதான் வந்தேன்."